வேகமான ரேம் பொருத்திய பின் கணினி தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டெஸ்க்டாப்பில் புதிய ரேமைப் பொருத்தி, பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும், மதர்போர்டின் அமைப்பு நிரல்) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலை (ரேமின் பெட்டியில் குறித்த வேகத்தை ஒரே சொடுக்கில் அமைக்கும் தொகுப்பு) இயக்கிய நாளிலிருந்து கணினி தடுமாறத் தொடங்கினால், பலர் முதலில் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். அடுத்து கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை மாற்றுகிறார்கள். கடைசியில்தான் ரேமின் பக்கம் திரும்புகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு நாள் அலைச்சல் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்பதே, இந்தக் கோளாறைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் நான் கண்டது.

பெட்டியின் மேல் 6000 என்று அச்சிட்டிருப்பது, ரேமைத் தயாரித்தவர் தம்முடைய ரேமுக்கு மட்டும் தரும் உறுதி. அந்த வேகத்தில் ஓடுவதற்குப் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும் மதர்போர்டும் ஈடுகொடுக்க வேண்டும். அவற்றுக்காக ரேம் பெட்டி உறுதி தர முடியாது. எதையும் மாற்றாதபோது டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800 அல்லது 5600 வேகத்திலும், டிடிஆர்4 ரேம் 2133 முதல் 3200 வரையிலான வேகத்திலும் ஓடும். பிராசசரின் அதிகாரபூர்வ வரம்பைத் தாண்டிய எந்த வேகமும், பயாஸில் ஒரே சொடுக்கில் கிடைத்தாலும், ஓவர்கிளாக்கிங்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை

முக்கியமான கோப்புகளை வேறொரு டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸுக்குள் சென்று புரொஃபைலை அணைத்து, ரேமை இயல்பு வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுவதும் வழக்கம்போல் பயன்படுத்திப் பாருங்கள்.

கோளாறு முற்றிலும் மறைந்துவிட்டால், உதிரிபாகம் எதுவும் பழுதாகவில்லை, வேகம்தான் தாங்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். கீழே உங்கள் அறிகுறிக்குரிய பகுதிக்குச் செல்லுங்கள். இயல்பு வேகத்திலும் கோளாறு தொடர்ந்தால், வோல்டேஜையும் டைமிங்கையும் (ரேம் ஒவ்வொரு செயலுக்கும் எடுத்துக்கொள்ளும் கால அளவுகள்) மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை; ஒரு ரேம் ஸ்டிக்கோ, ஸ்லாட்டோ, பிராசசரோ, பவர் சப்ளையோ பழுதாகியிருக்கலாம். அப்போது நேராக ‘நீலத்திரை’ பகுதியில் உள்ள ஒற்றை ஸ்டிக் சோதனைக்குச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ரேம் தடுமாறிக்கொண்டிருக்கும்போது பயாஸ் அப்டேட்டையோ விண்டோஸின் பெரிய அப்டேட்டையோ தொடங்காதீர்கள். பயாஸ் எழுதப்படும் நடுவில் கணினி நின்றுபோனால், சிறிய கோளாறு மதர்போர்டையே மாற்றும் செலவாகிவிடும். எந்த அப்டேட்டும் இயல்பு வேகத்தில்தான் நடக்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியும் திரை கறுப்பாகவே இருக்கிறது

*காத்திருங்கள்.* டிடிஆர்5 கணினி, புதிய ரேமை முதல் முறை பார்க்கும்போதும் புரொஃபைலை மாற்றிய பிறகும், ரேமுடன் பேசுவதற்கான அளவீடுகளைத் தானே கண்டுபிடிக்கிறது. இதை மெமரி டிரெயினிங் என்பார்கள். ஏஎம்5 மதர்போர்டுகளில் (ஏஎம்டியின் ரைசன் 7000 முதலான பிராசசர்களுக்கானவை), குறிப்பாகக் கொள்ளளவு அதிகமான ரேமுடன், இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம்; அதுவரை திரையில் எதுவும் வராது, மதர்போர்டில் ‘டிராம்’ என்று குறித்த சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். இதைப் பழுது என்று நினைத்து பவரை நிறுத்தினால், அடுத்த முறை டிரெயினிங் முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்து பாருங்கள். பழுதென்று என்னிடம் வந்த கணினிகளில் சில, பொறுத்திருந்ததிலேயே சரியாகிவிட்டன.

*ஸ்டிக் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா?* பவர் சப்ளையின் ஸ்விட்சை அணைத்து, வயரைக் கழற்றி, மதர்போர்டில் உள்ள விளக்குகள் எல்லாம் அணையும்வரை காத்திருந்த பிறகு ஸ்டிக்கைத் தொடுங்கள். இப்போதைய பல மதர்போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கிறது. கிளிப் இல்லாத மறுமுனை சற்று மேலே நின்றாலும் பார்வைக்குப் பொருந்தியதுபோலவே தெரியும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, ஸ்லாட்டின் விளிம்போடு கண்ணை வைத்துப் பாருங்கள். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரு முனையில் மெல்லிய கோடாகத் தெரிந்து, மறுமுனையில் தெரியவில்லை என்றால் ஸ்டிக் சாய்ந்திருக்கிறது. கழற்றி, இரு முனைகளிலும் கட்டைவிரலை வைத்து நேராக அழுத்துங்கள். கிளிப் தானாக மூட வேண்டுமேயன்றி அதை நாம் மூடக் கூடாது.

*சரியான ஸ்லாட்டா?* நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக் போடும்போது, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் போடுவதே வழக்கம். மதர்போர்டின் கையேடு வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் போட்டால் கணினி இயல்பு வேகத்தில் ஓடிவிடும். வேகத்தைக் கூட்டும்போதுதான் சண்டித்தனம் செய்யும்.

*பயாஸ் அமைப்புகளை அழியுங்கள்.* புரொஃபைலை இயக்கியதும் திரை வரவில்லை என்றால், சிமாஸ் கிளியர் பட்டனையோ ஜம்பரையோ கையேட்டில் உள்ளபடி பயன்படுத்துங்கள். அவை இல்லாவிட்டால், மின் இணைப்பை எடுத்துவிட்டு நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் போதும்.

*ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2 ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்;* பிறகு அதை எடுத்து மற்றதைப் போடுங்கள். ஒரு ஸ்டிக்கில் மட்டும் கணினி எழவில்லை என்றால் பழுது அந்த ஸ்டிக்கில். இரண்டு ஸ்டிக்கும் ஏ ஸ்லாட்டுகளில் ஓடி, பி ஸ்லாட்டுகளில் ஓடவில்லை என்றால் பிராசசர் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். கூலரின் திருகுகள் ஒரு பக்கம் மட்டும் அதிகம் இறுகியிருந்தாலும், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், ஒரு சேனல் (ஏ அல்லது பி ஸ்லாட்டுகளுக்கான வழி) முழுவதுமே காணாமல்போகும். திருகுகளைச் சற்றுத் தளர்த்தி, குறுக்கு வரிசையில் சமமாக இறுக்கிப் பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். வளைந்த பின்னை நிமிர்த்துவது உருப்பெருக்கியும் பழகிய கையும் வேண்டிய வேலை. ஒரு பின் ஒடிந்தால் மதர்போர்டு போய்விடும்.

இரவு முழுவதும் அணைத்து வைத்து, காலையில் இயக்கும்போது மட்டும் தகராறு

கணினி இரண்டு மூன்று முறை தானே அணைந்து எழுகிறது, அல்லது ‘ஓவர்கிளாக்கிங் தோல்வியடைந்தது’ என்ற செய்தியோடு இயல்பு வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஒருமுறை எழுந்துவிட்டால் நாள் முழுவதும் நன்றாக ஓடுகிறது. டிரெயினிங் விளிம்பில் நிற்பதன் அடையாளம் இது.

முதலில் சிமாஸ் பேட்டரியைப் பாருங்கள். கடிகாரமும் பின்தங்கியிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அடுத்து, இயல்பு வேகத்தில் நின்றபடி பயாஸைப் புதுப்பியுங்கள். டிடிஆர்5 வந்த பிறகு மெமரி தொடர்பான திருத்தங்கள் பயாஸ் வெளியீடுகளில் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன.

ஏஎம்5 மதர்போர்டுகளில் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ என்றோர் அமைப்பு உண்டு. முந்தைய டிரெயினிங் முடிவையே மறுபடி பயன்படுத்துவதால் கணினி விரைவாக எழும். ஆனால் பழைய அளவீடு இன்றைய சூழலுக்குப் பொருந்தாதபோது நீலத்திரையில் கொண்டுபோய் விடும். அதை அணைத்து ஒரு வாரம் பாருங்கள். எழுவதற்கு நேரம் கூடும், தடுமாற்றம் நின்றுவிட்டால் அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. இவற்றுக்குப் பிறகும் தீரவில்லை என்றால், வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறொரு பெயருடன்

ஒரே செய்தி, ஒரே டிரைவர் பெயரோடு திரும்பத் திரும்ப வந்தால் ரேமைக் குறை சொல்வதற்கு முன் அந்த டிரைவரைப் பாருங்கள். இன்று மெமரி மேனேஜ்மென்ட், நாளை பேஜ் ஃபால்ட், மறுநாள் ஐஆர்கியூஎல் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தால்தான் ரேம் முதல் சந்தேக நபர். எங்கே எந்த பிட் புரண்டதோ, அங்கே இருந்த நிரல் விழுகிறது. அதனால்தான் பெயர் நிலையாக இருப்பதில்லை.

சோதனையை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டம் விண்டோஸுக்கு வெளியே: இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் நிரலை யுஎஸ்பி டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியை எழுப்பி, இரவு முழுவதும் ஓட விடுங்கள். டிடிஆர்5 கணினி என்றால் 6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் பல பிழைகளைத் தவறவிடுகிறது. அது ‘பிழை இல்லை’ என்று சொல்வதை நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ‘பத்து மணி நேரத்தில் ஒன்றுதானே’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. ரேமில் ஏற்கத்தக்க பிழை என்று எண்ணிக்கை எதுவும் இல்லை.

பிழை வந்தால் புரொஃபைலை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். இயல்பு வேகத்திலும் பிழை வந்தால், ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் மாற்றி மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். பிழை ஸ்டிக்கோடு இடம் மாறினால் ஸ்டிக் பழுது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் அதே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டோ பிராசசரோ பழுது. எந்த ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் எத்தனை சுற்று ஓடியது என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது சோதனையில் முதல் சோதனை மறந்துவிடும்.

இயல்பு வேகத்தில் பிழை இல்லை, புரொஃபைலில் மட்டும் உண்டு என்றால், கீழுள்ள வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சோதியுங்கள்.

முதலாவது, இயல்பு வேகத்தில் வைத்து பயாஸ் அப்டேட். இரண்டாவது, வேகத்தை இறக்குவது: 6000 என்றால் 5800, பிறகு 5600. பலர் இதைத் தோல்வியாக எண்ணி, வோல்டேஜைக் கூட்டத் தொடங்குகிறார்கள். அன்றாட வேலையில் 6000க்கும் 5600க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. நிலைகுலைந்த கணினியை ஒவ்வொரு நாளும் காண வேண்டியிருக்கும். எனவே வேகத்தை இறக்குவதை வோல்டேஜுக்கு முன்னால் வைக்கிறேன். மூன்றாவது, கமாண்ட் ரேட் (ஒரு கட்டளைக்கு ஒதுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) 1டி என்றிருந்தால் 2டி ஆக்குங்கள். நான்காவதுதான் வோல்டேஜ். முதலில், புரொஃபைலில் சொன்ன வோல்டேஜ் உண்மையில் அமலாகியிருக்கிறதா என்று பயாஸில் பாருங்கள். டிடிஆர்4 புரொஃபைல்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும், ஆனால் வேகத்தை மட்டும் கையால் மாற்றியவர்களின் கணினியில் அது 1.2 வோல்ட்டிலேயே நின்றிருக்கும். புரொஃபைலில் குறித்த அளவுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

ஏஎம்5 கணினியில், மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்கு எஸ்ஓசி வோல்டேஜ் என்று தனியாக ஒன்று உண்டு. 2023இல் ரைசன் 7000 வரிசையில் எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகிய பிறகு, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. அந்தத் திருத்தத்துக்கு முந்தைய பயாஸ் இன்னும் உங்கள் மதர்போர்டில் இருந்தால், ரேம் தடுமாறினாலும் தடுமாறாவிட்டாலும், இயல்பு வேகத்தில் வைத்து அதை இன்றே புதுப்பியுங்கள்.

டிடிஆர்4 ரேம் கொண்ட, ஏஎம்டியின் முந்தைய தலைமுறையான ஏஎம்4 கணினியில் இன்னொரு சிக்கல் வரும். மெம்டெஸ்ட் தேறிவிடும், ஆனால் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ-லாகர் 19 என்ற எச்சரிக்கை ‘பஸ்/இன்டர்கனெக்ட்’ பிழை என்று குவிந்துகொண்டிருக்கும். அது ரேமின் பழுதல்ல. பிராசசரின் பகுதிகளை உள்ளே இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகம் எல்லை மீறியிருக்கிறது. ரேம் 4000, ஃபேப்ரிக் 2000 என்று ஓட்டுவோருக்கு இது அடிக்கடி வரும். 3600, 1800 என்று இறக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

மெம்டெஸ்ட் தேறுகிறது, அரை மணி நேர விளையாட்டுக்குப் பிறகு கவிழ்கிறது

இதுதான் இரண்டாம் கட்டச் சோதனையின் இடம். மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. பெட்டிக்குள் வெப்பம் ஏறுவதில்லை. ஒரு கணினி மெம்டெஸ்டில் இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. ஆனால் விளையாட்டைத் தொடங்கிய ஏறத்தாழ முப்பதாவது நிமிடத்தில் ஒவ்வொரு முறையும் கவிழ்ந்தது. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி வைத்தபோது கவிழவில்லை. பலகையை மாட்டி, ஸ்டிக்கின் வெப்பத்தைப் பார்த்தபடி ஓட்டியதில், 60 டிகிரியை நெருங்கியதும் பிழைகள் தொடங்கின. கிராபிக்ஸ் கார்டு கக்கிய அனல் நேராக ரேமின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

ரேம் சில்லுகள் 85 டிகிரி வரை தாங்க வேண்டியவை என்பது இயல்பு வேகத்துக்கும் இயல்பு டைமிங்குக்குமான கணக்கு. டைமிங்கை இறுக்கி, புதுப்பிப்பு இடைவெளியான டிரெஃபியையும் நீட்டியிருந்தால், தாங்கும் வெப்பம் மிகவும் குறைந்துவிடும். டிடிஆர்5 ஸ்டிக்குகளில் வெப்ப உணரி இருப்பதால், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற நிரலில் அளவை நேரடியாகப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய வரிசை இது. பக்கப் பலகையைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். கவிழ்வது நின்றால் காற்றோட்டமே காரணம், ஒரு விசிறியைச் சேர்த்தாலோ இடம் மாற்றினாலோ போதும். நிற்கவில்லை என்றால் டிரெஃபியையும் கையால் மாற்றிய டைமிங்குகளையும் தானியங்கிக்குத் திருப்புங்கள். பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 அல்லது ஓசிசிடி போன்ற கடுமையான சோதனையை, கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரே நேரத்தில் பளு கொடுத்து, ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

ரேமைப் போலவே தோன்றி ஏமாற்றும் ஒன்று இங்கே உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், அளவுக்கு மீறிய வோல்டேஜால் பிராசசரே தேய்ந்து தடுமாறுவதை 2024இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. விளையாட்டு தொடங்கும்போது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் கட்டத்தில் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பொய்யான செய்தி வருவது இதன் பெயர்பெற்ற அறிகுறி. உங்கள் பிராசசர் அந்த வரிசையில் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்றாக இருந்து, ரேம் இயல்பு வேகத்தில் ஓடும்போதும் இது தொடர்ந்தால், புதிய ரேம் வாங்காதீர்கள். பயாஸைப் புதுப்பித்துவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை அந்தத் திருத்தம் மீட்காது, எனவே அதற்கும் மசியவில்லை என்றால் பிராசசரையே உத்தரவாதத்தில் மாற்றக் கேளுங்கள்.

கணினி நிற்பதில்லை, ஆனால் கோப்புகள் சிதைகின்றன

எல்லா அறிகுறிகளிலும் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான், ஏனென்றால் நீலத்திரை உடனே எச்சரிக்கிறது, இது மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுக்கிறது. பெரிய ஜிப் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி பிழை (கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தாதது) வரும்; மறுபடி விரித்தால் வராது. நகலெடுத்த ஒளிப்படத்தில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டை தெரியும். பிரவுசரின் ஒரு டேப் மட்டும் காரணமின்றி மூடிக்கொள்ளும்.

டிடிஆர்5 ரேமில் பிழை திருத்தும் ஈசிசி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சாதாரண டிடிஆர்5இல் இருப்பது சில்லுக்குள் நேரும் சிறு பிழையைச் சில்லுக்குள்ளேயே திருத்தும் ஏற்பாடு. ரேமுக்கும் பிராசசருக்கும் இடையிலான வழியில் நேரும் பிழையை அது பார்ப்பதே இல்லை. வேகத்தைக் கூட்டும்போது வரும் பிழைகளில் பெரும்பகுதி அந்த வழியில்தான் நேர்கிறது.

இந்த அறிகுறி தெரிந்த அதே நேரத்தில் புரொஃபைலை அணையுங்கள். மெம்டெஸ்டில் தேறும்வரை புதிய பேக்கப் எதையும் பழையதன் மேல் எழுதாதீர்கள். சிதைந்த கோப்பு நல்ல பிரதியை அழித்துவிடும். ரேமைச் சரிசெய்த பிறகு விண்டோஸின் எஸ்எஃப்சி சோதனையை ஓட்டி, கணினிக் கோப்புகளைச் சீர்செய்யுங்கள். இழக்க முடியாத கோப்புகள் ஏற்கெனவே சிதைந்திருந்தால், டிரைவில் மேலும் எழுதாமல் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இரண்டு ஸ்டிக்கில் ஓடியது, நான்காக்கியதும் ஓடவில்லை

இதில் பழுது எதுவும் இல்லாமலே இருக்கலாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நான்கு ஸ்டிக்குக்கு வெறும் 3600. இன்டெல் பிராசசர்களிலும் நான்கு போட்டால் வரம்பு இறங்கும். ஒரே பெயரில் தனித்தனியாக வாங்கிய இரண்டு ஜோடிகளுக்குள் இருக்கும் சில்லுகள் ஒன்றாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை.

நான்கையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் புரொஃபைலை அணைத்து, அதிகாரபூர்வ வேகத்திலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, எங்கே பிழை வருகிறதோ அதற்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். வேகமும் கொள்ளளவும் சேர்ந்து வேண்டுமென்றால், நான்கையும் கொடுத்துவிட்டு தலா 32 அல்லது 48 ஜிபி கொண்ட இரண்டு ஸ்டிக் ஜோடி ஒன்றை வாங்குவதே வழி. வாங்கும் முன் மதர்போர்டு தயாரிப்பாளர் வெளியிடும் கியூவிஎல் பட்டியலில் (அவர் சோதித்துப் பார்த்த ரேம்கள்) அந்த ஜோடியின் முழு மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் பாதியாகத் தெரிகிறது

6000 ரேமைச் சில நிரல்கள் 3000 என்று காட்டும். ஒரு சுழற்சியில் இரண்டு முறை தரவு செல்வதால் இரண்டும் ஒன்றே. சரிசெய்ய எதுவும் இல்லை.

உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது

இயல்பு வேகத்தில் பிழை காட்டும் ஸ்டிக்கைத் தயங்காமல் அனுப்பலாம். பல ரேம் நிறுவனங்கள் வாழ்நாள் உத்தரவாதமே தருகின்றன. ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே அனுப்புங்கள். ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால், திரும்பி வருவது பழையதோடு பொருந்தாமல்போகலாம். பிழை தெரியும் மெம்டெஸ்ட் திரையைப் படமெடுத்து, ஸ்டிக்கில் ஒட்டிய வரிசை எண்ணையும் படமெடுத்து இணையுங்கள். புரொஃபைல் அணைத்திருந்தது என்பதையும், எந்த ஸ்லாட்டில் சோதித்தீர்கள் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

மூன்று நிலைகளில் மட்டும் கணினியைத் தேர்ந்த பணியாளரிடம் கொண்டுபோக வேண்டும். இயல்பு வேகத்தில் நல்ல ஸ்டிக்குகளுடனும் ஒரு சேனல் தெரியாமல்போவது ஒன்று. சாக்கெட்டின் அருகிலோ ஸ்லாட்டிலோ கருகிய தடமோ வாடையோ இருப்பது இரண்டாவது. அப்போது இன்னொரு முறை பவர் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. ரேம், பயாஸ், வெப்பம் மூன்றையும் பார்த்து முடித்த பிறகும் கோளாறு தொடர்வது மூன்றாவது. அந்த நிலையில், வேறொரு பிராசசரையோ பவர் சப்ளையையோ மாற்றிப் போட்டுப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அந்த உதிரிபாகங்கள் பணிமனையில்தான் இருக்கும். போகும்போது நீங்கள் எழுதிவைத்த சோதனைத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.